தவறுதலாகக் கொடுத்தவர்

ஆற்காட்டில் நௌஷீனின் தாய் வீட்டுச் சமையலறையில் ஒரு காலண்டர் தொங்கும். நோன்பும் பெருநாளும் மட்டுமல்ல, குப்பையும் அதில் குறித்திருக்கும். புதன்கிழமைகளில் நீலப் புள்ளி: அட்டை, காகிதம், பால் பாக்கெட். சனிக்கிழமைகளில் சிவப்புப் புள்ளி: காலாவதியான மாத்திரை, உடைந்த பல்பு, குழந்தைகளின் டயபர். சமையல் கழிவுக்குப் புள்ளி கிடையாது, அது அன்றாடம் போய்விடும். தேங்காய் ஓட்டுக்குத் தனிச் சாக்கு. அந்தத் தெருவில் புதன் தவிர வேறு நாளில் அட்டையை வாசலில் வைத்தால் வண்டிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

நிக்காஹ் முடிந்து காஞ்சிபுரத்துக்கு வந்த மூன்றாம் நாள், புது மருமகள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே ஜுபைதாவிடம் கேட்டாள்.

"இங்க எது எந்தக் கிழமை மாமி?"

"எதும்மா?"

"குப்பை மாமி."

ஜுபைதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கிழமையா? காலையில வண்டி வரும். குடுப்போம். அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று சொன்னாலும் அந்த வீட்டுக்கென்று ஓர் ஒழுங்கு இருக்கத்தான் செய்தது. காய்கறித் தோல் காலையில் வாசலுக்கு வரும் பசுவுக்கு. அரபு எழுத்து அச்சான எந்தக் காகிதமும் கீழே விழாமல் ஆணியில் தொங்கும் துணிப்பைக்குப் போய், பை நிறைந்ததும் பள்ளிவாசலில் அதற்கென்று வைத்திருக்கும் பெட்டிக்குப் போகும். தறிக்கென்று குத்தும்போது தப்பாய்ப்போன அட்டைகள் மாடியில் வெந்நீர் அடுப்புக்கு. மிச்சமிருப்பது ஒரே பக்கெட்டில் வண்டிக்கு. இதையெல்லாம் யாரும் எழுதிவைக்கவில்லை. அதனால் மருமகளின் கண்ணுக்கு அது ஒழுங்காகவே தெரியவில்லை.

ஒரு வாரத்துக்குள் பச்சை, நீலம் என்று இரண்டு பக்கெட் வந்தன. மாடியில் இரண்டு மண்பானைகள் ஏறின. பசுவுக்குப் போனது போக மீதித் தோல், டீத்தூள், முட்டை ஓடு எல்லாம் பானைக்குள் போய், தென்னை நாரும் சாம்பலும் தூவி மூடப்பட்டன. மாமனார் ஷரீஃப் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நாத்தம் ஒண்ணும் இல்ல ஜுபைதா, மழை பேஞ்ச தோட்டம் மாதிரி இருக்குது" என்றார். அவருக்கு மருமகள் செய்வதெல்லாம் பிடிக்கும்.

வண்டி தள்ளி வரும் ரேவதிக்குத்தான் பிடிக்கவில்லை.

"பாயம்மா, பச்சை பக்கெட்டு காலியா குடுத்தா என் நோட்டுல இன்னான்னு எழுதறது? நான் வூட்டாண்டயே போவலன்னு சூப்பர்வைசரு எழுதிப்பாரு."

"நாங்க மாடியிலயே உரம் போடறோம் அக்கா" என்றாள் நௌஷீன். "எங்க ஊர்ல அப்படிப் போடற வீட்டுக் கதவுல ஸ்டிக்கர் ஒட்டிருவாங்க. அப்புறம் கேக்கவே மாட்டாங்க."

"உங்க ஊர்ல ஒட்டுவாங்க கண்ணு. இங்க ஸ்டிக்கரு கெடையாது, கட்டம்தான் இருக்குது. கட்டத்துக்கு எதுனா போடு."

அன்றிலிருந்து தினமும் ஒரு பிடி வெங்காயத் தோல் கட்டத்துக்காகப் பச்சை பக்கெட்டில் ஒதுக்கப்பட்டது. தெருவில் இந்தக் கதை பரவி நௌஷீனுக்கு 'கமிஷனரம்மா' என்று பேராகிவிட்டது. வைத்தவர் மூன்று வீடு தள்ளியிருக்கும் கைலாசம். தறிக்குழியில் உட்கார்ந்துகொண்டே தெருவில் போகும் அவளைப் பார்த்து, "கமிஷனரம்மா, சோடா மூடி எந்தப் பக்கெட்டு?" என்று கேட்பார். அவளும் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

ஷரீஃப்புடைய தொழில் அட்டை குத்துவது. தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டிக்குள் அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஒவ்வோர் அட்டையிலும் உள்ள ஓட்டைகள்தாம் எந்த இழை எழ வேண்டும், எந்த இழை படுத்திருக்க வேண்டும் என்று சொல்லும். ஊடிழையைக் கொண்டுபோகும் நாடா ஒருமுறை குறுக்கே ஓட ஓர் அட்டை. ஒரு பறவை முழுதாகப் புடவைக் கரையில் வந்து உட்கார நூற்றுக்கணக்கில் அட்டை வேண்டும். அவர் குத்துவார், ஜுபைதா வரிசை பார்த்துக் கயிற்றில் கோர்ப்பாள். முப்பத்தொரு வருஷமாய்க் கோர்க்கிறாள். அவள் கோர்த்த மாலையில் ஓர் அட்டை தலைகீழாய்ப் போனதாகவோ, ஒன்று விட்டுப்போனதாகவோ எந்தத் தறிக்காரனும் வந்து நின்றதில்லை. அவளுக்கு அதில் ஒரு கர்வம் உண்டு. வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள்.

ஐப்பசி பிறந்த வாரம் கைலாசம் ஒரு பழைய அட்டை மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இருதலைப்பட்சிக் கரை. முந்நூற்று எண்பத்து நாலு அட்டை. எண்ணெயும் தூசியும் ஏறிக் கறுத்து, ஓரமெல்லாம் நைந்து, ஓட்டைகள் ஒன்றோடொன்று கிழிந்து சேர்ந்திருந்தன.

"பாய், பெட்டியில ஏறவே மாட்டேங்குது. பாதி புடவையில நிக்குது தறி. இத அப்படியே புதுசா குத்திக் குடுங்க."

"டிசைன் வரைஞ்ச கிராஃப் பேப்பரு இல்லியா வாத்தியாரே?"

"கிராஃப் போட்டவரே இல்ல. பேப்பரு கறையான் தின்னுடுச்சு. இந்த ஓட்டைங்கதான் மிச்சம்." கொஞ்சம் நிறுத்தி, "எம் பொண்ணு சந்தியாவுக்குப் பாய். கார்த்திகை கடைசி முகூர்த்தம். ஊரான் வூட்டுப் பொண்ணுங்களுக்கெல்லாம் நெய்ஞ்சாச்சு. இது ஒண்ணு நானே நெய்ஞ்சு நானே எடுத்துக் குடுக்கணும்" என்றார்.

ஷரீஃப் மாலையைப் பிரித்து, குத்த வேண்டியவற்றைப் பழைய புடவைக் கரையால் ஒரே கட்டாகக் கட்டி மேசைக்கடியில் வைத்தார். திங்கள்கிழமை சாயங்காலம் வரை நூற்று இருபது அட்டை முடிந்தது. பழையதை மேலே வைத்து, அதன் ஓட்டை வழியே புதியதைக் குத்துகிற வேலை. கண் வலித்தாலும் கை தவறாது.

செவ்வாய்க்கிழமை காலை அவர் வெற்று அட்டை வாங்கப் பெரிய காஞ்சிபுரத்துக்குப் போயிருந்தார். மகன் ஜுனைத் விடியுமுன்னே கம்பெனி பஸ் ஏறிவிட்டான். நௌஷீன் நீல பக்கெட்டோடு ஒரு பெரிய அட்டைப் பெட்டியையும் வாசலில் எடுத்து வைத்துவிட்டு, பானையைக் கிளறிவிட மாடிக்குப் போனாள். ஜுபைதா வெந்நீர் போடலாமென்று மேசைக்கடியில் கைவிட்டாள். கறுத்து நைந்த ஒரு கட்டு கையில் வந்தது. நைந்து ஒதுக்கிய பழைய அட்டைகளையும் தப்பாய்ப்போன அட்டைகளையும் ஷரீஃப் அதே மாதிரிதான் கட்டிவைப்பார். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. வந்ததெல்லாம் மருமகளின் ஞாபகம். 'அட்டையை எரிக்காதீங்க மாமி, அது நீலம்' என்று எட்டு மாதமாய் அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரு நாள் கேட்டால்தான் என்ன.

வாசலில் வண்டியின் ஒலிபெருக்கி மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று சொல்லிக்கொண்டு வந்தது. ஜுபைதா கட்டைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

"இந்தாம்மா ரேவதி. எரிக்காம குடுக்கறேன், நல்லா பாத்துக்கோ."

"பாயம்மாவே மாறிட்டாங்கோ டோய்!" என்றாள் ரேவதி. இருவரும் சிரித்தார்கள்.

நடுப்பகலில் ஷரீஃப் திரும்பி வந்து, கை கால் கழுவி, மேசை முன் உட்கார்ந்து, கீழே கைவிட்டார். எடுத்த கட்டைப் பார்த்தார். வெளுப்பாய், புதிதாய், தப்பாய்ப்போன அட்டைகள். மறுபடி கைவிட்டார். பிறகு குனிந்தார். பிறகு மேசையையே நகர்த்தினார்.

"ஜுபைதா, கைலாசத்தோட பழைய கட்டு எங்க?"

உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தவளுக்குக் கேள்வி காதில் விழுந்த மாத்திரத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. உள்ளங்கையில் ஒட்டிய அரிசியோடு நின்றாள். சொல்ல வாயைத் திறந்த நேரம், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைலாசம் உள்ளே வந்தார், எத்தனை ஆயிற்று என்று பார்த்துவிட்டுப் போக.

"இன்னா பாய், மேசையெல்லாம் தள்ளி வச்சிருக்கீங்க?"

ஷரீஃப்புக்குப் பொய் சொல்ல வராது. "கட்டைக் காணோம் வாத்தியாரே. நூத்தி இருபதுக்கு மேல குத்த வேண்டியது பூரா அதுலதான் இருக்குது."

கைலாசம் அப்படியே தரையில் உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் ஒருமுறை துடைத்தார். அப்புறம் கண்கள் போன இடம் நீல பக்கெட். "கமிஷனரம்மா எங்க?"

நௌஷீன் மாடிப்படியில் நின்றிருந்தாள். கையெல்லாம் மண். முகம் வெளுத்துவிட்டது. "நானாத்தான் மாமா இருக்கும்" என்றாள் ஷரீஃப்பைப் பார்த்து. "காலையில பெரிய அட்டைப் பெட்டி ஒண்ணு வச்சேன். மேசையோரமா இருந்து எடுத்தது. அதுக்குள்ள விழுந்து போயிருக்கும். நான் உள்ள பாக்கல."

"பாக்க மாட்டே" என்றார் கைலாசம். "சோடா மூடியப் பாப்பே. எம் பொண்ணு புடவையைப் பாக்க மாட்டே."

"வாத்தியாரே" என்றார் ஷரீஃப்.

"தப்பா சொல்லல பாய். இந்தத் தெருவுல அவங்க அவங்க குப்பையை அவங்க அவங்களுக்குத் தெரியும். அடுத்த ஊரு சட்டத்தைக் கொண்டாந்து நுழைச்சா இப்படித்தான் ஆவும்."

ஜுபைதா இன்னும் அடுப்பங்கரை நிலைப்படியில்தான் நின்றாள். இப்போது சொல்வது சுலபம், ஒரே வார்த்தை. ஆனால் கைலாசம் அவளைப் பார்த்து, "பாயம்மா கையில இருந்திருந்தா ஒரு அட்டை அசைஞ்சிருக்குமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு அவள் வாய் மூடிக்கொண்டது.

நௌஷீன் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். பயம் இருந்தாலும் குரல் நிதானமாயிருந்தது. "எங்கயும் போயிருக்காது மாமா. உலர் குப்பையை வார்டு ஷெட்டுல சேத்துவச்சு சனிக்கிழமைதான் லாரி ஏத்துவாங்க. நாளைக்குக் காலையில போய்ச் சொன்னா எடுத்துக் குடுத்துருவாங்க. எங்க வீட்டுல ஒருவாட்டி தம்பியோட மார்க் ஷீட்டு போயி, மூணாம் நாள் போய் எடுத்துக்கினு வந்தோம்."

ஷரீஃப்புக்கு உயிர் வந்தது. கைலாசம்கூட எழுந்து நின்றார். "நெசமாவா?" என்றார். அவள் தலையாட்டினாள். குப்பை விஷயத்தில் அவள் சொன்னது தப்பாய்ப் போனதை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. ஆகவே நாளைக் காலை என்று முடிவாயிற்று. மூன்று மணிக்கு மழை பிடித்தது. ஐப்பசி மழை அவசரப்படாமல், ஒரே அளவாய், விளக்கு வைக்கும் வரை பெய்தது.

இரவுச் சாப்பாட்டுக்குச் சோறும் தால்ச்சாவும் கத்திரிக்காய்ப் பச்சடியும். ஷிஃப்ட் முடிந்து வந்த ஜுனைத் விஷயத்தைக் கேட்டு, தட்டில் கை வைத்தபடியே, "உன்னை யாருடி இந்த வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கச் சொன்னது? எங்கம்மா இத்தினி வருஷமா ஒரு அட்டையைத் தொலைச்சிருக்காங்களா?" என்று மனைவியைக் கேட்டான்.

"விடுடா" என்றாள் ஜுபைதா.

"நீ விடு விடுன்னுதாம்மா இவ இவ்ளோ பண்றா."

நௌஷீன் எல்லாருக்கும் பரிமாறினாள், பாத்திரத்தை மூடினாள், தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். அதில் சோறு விழவேயில்லை. ஜுபைதா பார்த்தாள். இஷா தொழுதுவிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். தொழுதாள். நாளைக்கு அட்டை கிடைத்துவிட்டால் யார் கொடுத்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை என்று பிறகு நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டுதான் படுத்தாள்.

காலையில் ஷரீஃப், ஜுபைதா, நௌஷீன் மூவரும் ஆட்டோவில் போனார்கள். கைலாசம் தன் டிவிஎஸ்ஸில் பின்னால் வந்தார். முதலில் போனது வார்டு ஷெட்டுக்கு. அங்கே துடைப்பங்களும் ஒரு பழுதான வண்டியும்தான் இருந்தன.

"இங்க எங்க சேத்து வைக்கறது?" என்றார் காவலுக்கிருந்தவர். "அன்னைக்கி வர்றது அன்னைக்கே யார்டுக்குப் போயிடும். சனிக்கிழமையா? யாரு சொன்னது?"

 நௌஷீனின் உதடு அசைந்தது. "எங்க ஊர்ல…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

குப்பையை உரமாக்கும் அந்த யார்டு ஊருக்கு வெளியே இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே செங்கல் தொட்டிகள் வரிசையாக, சுவரில் காற்றுக்கு இடைவெளி விட்டுக் கட்டியிருந்தன. கோயில்களிலிருந்து வந்த மாலைகள் ஒரு பக்கம் மலையாய்க் குவிந்திருந்தன. செவ்வந்தியும் துளசியும் வாழை நாரும் மழையில் ஊறி, பாதி வாசனையும் பாதி அழுகலுமாய் ஒரு மணம். மேற்பார்வை பார்க்கும் தர்மன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பொறுமையாய்க் கேட்டார்.

"அட்டையா? ஓட்டை ஓட்டையா, நீளமா? பாத்தேன். நேத்து மத்தியானம் வரைக்கும் அந்தோ, அந்த மேடையில காய்ஞ்சிக்கினுதான் இருந்திச்சு."

"இப்ப?"

"மழை வந்திச்சில்ல. நனைஞ்ச அட்டையை எடைக்கு வாங்கறவன் எடுக்க மாட்டான். நனைஞ்சா அது எங்களுக்கு மக்கற குப்பை. பூவுக்கு நடுவுல ஒரு அடுக்கு அட்டை போட்டா தண்ணி இழுத்துக்கும், சீக்கிரம் மக்கும். இது வேற ஏற்கெனவே ஓட்டையா இருந்திச்சா, காத்து நல்லா போவும்னு பொம்பளைங்க சந்தோஷமா போட்டாங்க. நாலாம் தொட்டி."

கைலாசம் நௌஷீன் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை. "நேத்து மத்தியானம் வந்திருந்தா மேடையில இருந்திருக்கும். நீதாம்மா நாளைக்கின்னு சொன்னே."

"ஆமா அங்கிள்" என்றாள் அவள். "அது நான் சொன்னதுதான்."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள், புர்காவின் கையை முழங்கைக்கு மேலே ஏற்றிக் கட்டினாள், நாலாம் தொட்டிக்குள் இறங்கினாள். அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் கையுறையை நீட்டுவதற்குள் அவள் தோண்ட ஆரம்பித்திருந்தாள். ஜுபைதாவும் இறங்கினாள். மேலே பூ, அதன் கீழே சாணிக் கரைசல் தெளித்த இலை, அதன் கீழே அட்டை. உள்ளே சூடாயிருந்தது, இப்போதுதான் யாரோ எழுந்துபோன படுக்கை மாதிரி. ஒவ்வொன்றாய் உரித்து எடுத்து மேலே நீட்ட, ஷரீஃப் வாங்கித் தண்ணீரில் அலசித் தகரத்தின்மேல் பரப்பினார். கைலாசம் கொஞ்ச நேரம் கைகட்டி நின்றார். பிறகு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அவரும் அலச உட்கார்ந்தார்.

பத்து மணிக்குத் தெருச் சுற்று முடிந்து ரேவதி வண்டியோடு வந்தாள். தொட்டிக்குள் இருப்பவர்களைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"இன்னா பாயம்மா இது?"

நௌஷீன் நிமிர்ந்தாள். மூக்கு நுனியில் ஒரு செவ்வந்தி இதழ் ஒட்டியிருந்தது. "அக்கா, நேத்து நான் வச்ச பெட்டியோட தறி அட்டைக் கட்டு ஒண்ணு வந்துருச்சு. நான் பாக்காம வச்சுட்டேன்."

"பெட்டியிலயா? பெட்டி காலியாத்தானே…" ரேவதி பாதியில் நிறுத்தினாள். அவள் பார்வை நௌஷீனை விட்டு ஜுபைதாவிடம் வந்து நின்றது. ஜுபைதா குனிந்து இலைகளை விலக்கிக்கொண்டிருந்தாள். ரேவதி முந்தானையைச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி, ஜுபைதாவுக்குப் பக்கத்தில் நின்று, அவளும் இலையை விலக்கினாள். அந்த மௌனம் ஜுபைதாவின் தோளில் ஈரச் சாக்கு மாதிரி கனத்தது.

பன்னிரண்டு மணிக்கு எண்ணினார்கள். இருநூற்று அறுபத்து நாலில் இருநூற்று ஐம்பத்தொன்பது. ஐந்து இல்லை. ஷரீஃப் ஓர் அட்டையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். ஊதிப்போயிருந்தது, வளைந்திருந்தது, ஆனால் ஓட்டைகள் இருந்தன. மூலையில் பழைய மையால் குத்திய எண்ணும் மங்கலாய்த் தெரிந்தது.

"படிக்கலாம்" என்றார். "மேல வச்சுக் குத்த முடியாது. ஒருத்தர் ஓட்டையைப் படிச்சா இன்னொருத்தர் குத்தலாம். அஞ்சு அட்டையை முன்னாடி பின்னாடி பாத்து நான் போட்டுக்கறேன். ஒரு வாரம் குடுங்க வாத்தியாரே."

கைலாசம் கையிலிருந்த அட்டையைத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தார், குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி.

தர்மன் ஒரு தடித்த ரிஜிஸ்தரைக் கொண்டுவந்து வைத்தார். "உள்ள வந்த பொருளை வெளியே குடுத்தா எழுதணும். தப்பா எடுத்துக்காதீங்க, எழுதலேன்னா நான் வித்துட்டேன்னு சொல்லுவாங்க. இந்தக் கட்டத்துல பொருளு, இங்க தேதி. இங்க தவறுதலாகக் கொடுத்தவர் பேரு, கையெழுத்து."

"நான் போடறேன்" என்று நௌஷீன் கையைப் புர்காவில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"போடு, போடு" என்றார் கைலாசம். "கட்டத்துல எழுதறது உனக்குப் புடிச்ச வேலையாச்சே."

அவள் பேனாவை எடுத்தாள். ஜுபைதா தொட்டி விளிம்பைப் பிடித்து ஏறி வந்தாள். முழங்கால் வரை சேறு. மருமகளின் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். முதலில் யாருக்கும் புரியவில்லை.

"மாமி, நீங்க எதுக்கு? நான்தானே."

"நகரு" என்றாள் ஜுபைதா.

குனிந்து, கட்டத்துக்குள் தன் பெயரை எழுதினாள். எட்டாம் வகுப்போடு நின்ற எழுத்து. 'ஜுபைதா' என்று முடித்து, கீழே அதையே கையெழுத்தாகவும் போட்டாள். பிறகு நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல், ரிஜிஸ்தரைப் பார்த்துச் சொன்னாள்.

"நான்தான் குடுத்தேன். பெட்டியில ஒண்ணும் போவல. என் கையால எடுத்துக்கினு போய் ரேவதி கையில குடுத்தேன். நேத்து மத்தியானமே எனக்குத் தெரியும்."

 ரேவதி மூச்சை வெளியே விட்டாள். கைலாசம் நௌஷீனைப் பார்த்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னா ஜுபைதா இது" என்றார் ஷரீஃப் மெல்ல. கோபமாய்க்கூட இல்லை.

நௌஷீன் அழவில்லை. தன் மாமியாரை நேராகப் பார்த்தாள்.

"நேத்து நான் சாப்பிடல. நீங்க பாத்தீங்க."

"பாத்தேன்."

"அவரு திட்டினப்பவும் பக்கத்துல இருந்தீங்க."

"இருந்தேன்."

நௌஷீன் அட்டைகளைச் சாக்கில் அடுக்கத் தொடங்கினாள். ஆட்டோவில் சாக்கு நடுவிலும் அவர்கள் இரண்டு பக்கமுமாய் வந்தார்கள்.

வீடு முழுக்க அட்டை காய்ந்தது. கட்டில்மேல், ஜன்னல் கம்பியில், மாடிக் கொடியில் துணிக் கிளிப்போடு. சாயங்காலம் கைலாசம் ஒரு சொம்புப் பாலோடு வந்து வாசலிலேயே நின்றார். "கமி…" என்று தொடங்கி விழுங்கிக்கொண்டு, "நௌஷீனம்மா, பாலு" என்றார். அவள் வாங்கிக்கொண்டாள். "உக்காருங்க அங்கிள்" என்றாள். "இல்லம்மா" என்று போய்விட்டார். ஷிஃப்ட் முடிந்து வந்த ஜுனைத்திடம் ஜுபைதாவே சொன்னாள், அவன் செருப்பைக் கழற்றுமுன்னே. அவன் உள்ளே போய் மனைவியிடம் ஏதோ பேசினான். பதில் வரவில்லை போலிருக்கிறது, சீக்கிரமே வெளியே வந்து டீ கேட்டான்.

வியாழன் காலை படிப்பு ஆரம்பித்தது. ஷரீஃப் மேசையில். நௌஷீன் அவருக்கு எதிரே, அட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொண்டு, ஓட்டைக்குக் குத்து, வெற்றிடத்துக்கு விடு என்று வரிசை வரிசையாய்: "குத்து, குத்து, விடு, குத்து, விடு, விடு…" அவள் குரலுக்குத் தக்கபடி மேசையில் டக், டக் என்று அச்சு இறங்கியது. ஜுபைதா முடிந்த அட்டைகளை எண் பார்த்துக் கோர்த்தாள். டீ போட்டு வைத்தாள். நௌஷீன் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள். பேசவில்லை. வெள்ளிக்கிழமையும் அப்படியே போயிற்று. ஜுபைதா மன்னிப்பு என்று ஒரு வார்த்தையைப் பலமுறை வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். குத்துக்கும் விடுக்கும் நடுவே அதைப் போட இடமே கிடைக்கவில்லை.

சனிக்கிழமை நடுப்பகலில் நௌஷீனின் தொண்டை கட்டிவிட்டது. 'குத்து' என்பது காற்றாய் வந்தது. ஷரீஃப் கையை நிறுத்தி, "போதும்மா, நாளைக்குப் பாக்கலாம்" என்றார்.

"தறி நிக்குது மாமா" என்றாள் அவள் கரகரத்த குரலில்.

ஜுபைதா கோர்ப்பதை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் தயங்கி நின்றாள். நௌஷீன் அவளைப் பார்க்காமலே எழுந்து இடம் விட்டாள். எழுந்தவள் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. ஜுபைதாவின் தோளுக்குப் பின்னாலேயே நின்றாள்.

ஜுபைதா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை ஜன்னலுக்கு உயர்த்தினாள். இத்தனை வருஷமாய் ஆயிரக்கணக்கில் கோர்த்தவள், ஒன்றைக்கூட இப்படிப் படித்ததில்லை. விரலை வரிசையில் வைத்தாள்.

"குத்து. விடு. குத்து. குத்து. விடு… விடு…"

"இல்ல மாமி" என்றது பின்னாலிருந்து கரகரத்த குரல். ஒரு மெல்லிய கை தோளுக்கு மேலாக நீண்டு அட்டையின் ஓர் இடத்தைத் தொட்டது. "அது வெத்து இல்ல. பூ ஒட்டிக்கினு இருக்குது. தட்டிட்டுப் படிங்க."

ஜுபைதா நகத்தால் சுரண்டினாள். உலர்ந்த செவ்வந்தி இதழ் ஒன்று உதிர்ந்து அவள் மடியில் விழுந்தது. அந்த இடத்தில் வெளிச்சம் வந்தது.

"குத்து" என்றாள்.

மேசையில் அச்சு இறங்கியது.